அன்சால்டோ எஸ்.வி.ஏ. வேவு விமானம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, முதல் உலகப்போர்க் கால இத்தாலியின் எஸ்.வி.ஏ. சண்டை விமானமா, வேவு விமானமா?

பதில்: சண்டைக்காக வடிவமைக்கப்பட்டு, வேவுப் பணியில் பெயர் பெற்ற விமானம் அது. உம்பெர்ட்டோ சவோயா, ரொடோல்ஃபோ வெர்டூசியோ ஆகிய பொறியாளர்களின் வடிவமைப்பை ஜெனோவாவின் அன்சால்டோ நிறுவனம் கட்ட, அது 1917 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. வேகம் இருந்தும், வான்சண்டைக்கு வேண்டிய அளவு சட்டென வளைந்து திரும்பவில்லை என்பதால் வேவுப் பணிக்கு ஒதுக்கப்பட்டது. அம்முடிவு முற்றிலும் சரியானது என்பதே என் கருத்து.

கேள்வி: மேல், கீழ் இறக்கைகளுக்கு இடையிலுள்ள தாங்குகோல்கள் சாய்வாக இருப்பது ஏன்?

பதில்: இரும்புப் பாலத்தின் பக்கச் சட்டங்களைப் போல அவை முக்கோணங்களாக இணைந்து சுமையைத் தாங்குகின்றன. அதனால் குறுக்கே இழுத்துக் கட்டும் கம்பிகள் பெருமளவு குறைந்து, காற்றின் தடையும் குறைந்தது. உடற்பகுதியையும் கவனியுங்கள்: பிளைவுட் போர்த்திய அது, விமானியின் இருக்கைக்குப் பின்னால் கீழ்நோக்கி ஒடுங்கி முக்கோண வடிவம் பெறுகிறது. இதனால் விமானிக்குப் பின்புறத் தரை நன்றாகத் தெரிந்தது. வேவு பார்ப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி: எஞ்சின், வேகம்?

பதில்: ஆறு சிலிண்டர்களும் ஏறத்தாழ 220 குதிரைத்திறனும் கொண்ட எஸ்.பி.ஏ. நிறுவனத்தின் எஞ்சின், மணிக்குச் சுமார் 230 கி.மீ.

கேள்வி: எதிரியான ஆஸ்திரியா-ஹங்கேரியின் தலைநகர் வியன்னா மீது இவ்விமானங்கள் துண்டுப்பிரசுரம் வீசியது வெறும் விளம்பரம்தானே?

பதில்: பரப்புரைதான், மறுக்கவில்லை, ஆனால் அதை 'வெறும்' என்று ஒதுக்க இயலாது. 1918 ஆகஸ்ட் 9 அன்று பாதுவாவுக்கு அருகிலுள்ள சான் பெலாஜியோவிலிருந்து 87ஆம் அணியின் 11 விமானங்கள் கிளம்பின. மூன்று வழியிலேயே திரும்பின. ஒன்று எஞ்சின் கோளாறால் எதிரி மண்ணில் இறங்க நேர்ந்தது. எஞ்சிய ஏழும் ஆல்ப்ஸ் மலைகளைக் கடந்து வியன்னாவை அடைந்து, துண்டுப்பிரசுரங்களை வீசிவிட்டுத் திரும்பின. போகவரச் சுமார் 1,000 கி.மீ. தொலைவை இடையில் எங்கும் இறங்காமல் கடந்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். 55 வயதுக் கவிஞர் கேப்ரியேலே டானுன்சியோ, நத்தாலே பல்லி ஓட்டிய விமானத்தில் சென்றார். அவருக்காக அந்த விமானத்தில் இரண்டாவது இருக்கை அமைக்கப்பட்டிருந்தது. அன்று வியன்னாவை எட்டியவர்களுள் ஒருவரான அந்தோனியோ லொக்காத்தெல்லி, அதே ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வரை பறந்து செப்பலின் வான்கப்பல் தொழிற்கூடங்களைப் படமெடுத்தவர். போர்க்கணக்கில் பார்த்தால் அப்பயணமே பெரிது. வியன்னாவின் புகழில் அது மறைந்துபோனது எனக்கு வருத்தமே.

கேள்வி: இந்த ரகம் இந்தியாவுக்கு வந்ததுண்டா?

பதில்: வந்தது. 1920 பிப்ரவரியில் ரோமிலிருந்து டோக்கியோ நோக்கிப் புறப்பட்ட ஆர்துரோ ஃபெர்ராரின், எஸ்.வி.ஏ.9 என்னும் ஈரிருக்கை வகையில் கராச்சி, டெல்லி, கல்கத்தா வழியாகச் சென்று மே இறுதியில் டோக்கியோவை அடைந்தார்.

கேள்வி: இன்று எங்கே பார்க்கலாம்?

பதில்: டானுன்சியோ சென்ற விமானம், கார்தா ஏரிக்கரையில் கார்தோனே ரிவியேராவிலுள்ள அவருடைய இல்லத்தின் அரங்கக் கூரையில் தொங்குகிறது. ரோமுக்கு அருகிலுள்ள விஞ்ஞா தி வல்லே விமானப்படை அருங்காட்சியகத்தில் ஓரிருக்கை எஸ்.வி.ஏ.5 உள்ளது; தாங்குகோல் அமைப்பைக் காண விரும்புவோர் அங்கே செல்லலாம்.