ரூட்டுக்குள்ள மைனஸ் 7 வருதா? அந்த 10 மீட்டரை திரும்பப் பாருங்க

பெங்களூர் அல்சூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு ஃபர்ஸ்ட் பியூசி, தமிழ்நாட்டு கணக்குக்கு ப்ளஸ் ஒன். 10 மீட்டர் உயர மொட்டை மாடில நின்னு பந்தை 30 டிகிரி மேல பாத்து செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல எறிஞ்சா எப்போ, எவ்ளோ தள்ளி விழும்னு கணக்கு, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் போட்டுப் பாத்தும் ஸ்கொயர் ரூட்டுக்குள்ள மைனஸ் 7 தான் வருதாம்.

மேடம், மைனஸ் 7ன்னதுமே தெரிஞ்சுபோச்சு, பொண்ணு எஸ்ஸுக்கு ப்ளஸ் 10 போட்டிருக்கா. எஸ்னா பந்து சுத்தி வந்த தூரம் இல்ல, கிளம்பின இடத்துல இருந்து பாத்தா கடைசில எங்க இருக்குன்றதுதான், மாடில கிளம்பி ரோட்டுல முடியுது, அப்போ மைனஸ் 10. மேல போறது ப்ளஸ்னு வச்சுட்டா ஜி, அதாவது பூமி கீழ இழுக்குற முடுக்கம், எப்பவுமே மைனஸ், ஏறும்போதும் மைனஸ், இறங்கும்போதும் மைனஸ், உச்சிலயும் மைனஸ். நடுவுல மாத்துறவங்க என் டியூஷன்லயே பாதி பேர்.

இப்போ வேகத்தைப் பிரிங்க. 10 இன்டூ சைன் 30, மேல 5. காஸ் 30 போட்டா பக்கவாட்டுல 8.66. எப்போ விழும்னு முடிவு பண்றது அந்த 5 மட்டும்தான். பர்ப்பிள் லைன் மெட்ரோ ஒரே வேகத்துல போறப்போ காசை சுண்டிப் பாருங்க, கைக்கே திரும்பி வரும், ரயில் வேகத்துக்கும் அது மேல போய் வர்ற நேரத்துக்கும் சம்பந்தமே இல்ல.

எஸ் = யூடி + ½ஏடி²ல போடுங்க. எஸ் −10, யூ அந்த 5, ஏன்றது ஜி, அதுக்கு −10னு வச்சுக்கலாம், டி விழற நேரம்:

−10 = 5டி − 5டி²
டி² − டி − 2 = 0

டி 2 இல்லன்னா −1. 2 செகண்ட்தான் விடை, 8.66ஐ 2ஆல பெருக்குனா 17.3 மீட்டர். நம்பிக்கை வரலன்னா பிரிச்சும் பாக்கலாம்: அரை செகண்ட்ல 1.25 மீட்டர் ஏறுது, அங்கிருந்து 11.25 மீட்டர் விழ ஒன்றரை செகண்ட், அதே 2.

அந்த −1ஐ சும்மா அடிச்சுட்டுப் போவாங்க, எனக்கு மனசு வராது. பந்தை மாடில எறியாம, 1 செகண்ட் முன்னாடியே தரைல இருந்து மேல்நோக்கி 15 வேகத்துல விட்டிருந்தா மாடி உயரத்தைத் தாண்டும்போது சரியா 5 இருக்கும். ஈக்வேஷனுக்கு கை தெரியாது, பாதை மட்டும்தான் தெரியும்.

ஜி பெங்களூர்ல 9.78 கிட்ட வரும், ஆனா பேப்பர்ல என்ன குடுத்திருக்கோ அதையே போடச் சொல்லுங்க. 9.8 போட்டா 2.03 செகண்ட்னு வரும், அதுவும் சரிதான்.