ஆங்கிலத்தில் ஃபைனைட் வினையையும் நான்-ஃபைனைட் வினையையும் எப்படிப் பிரித்தறிவது?

நீங்கள் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வரையறை மனப்பாடமாக இருக்கும், ஆனால் வாக்கியத்தைக் கொடுத்து அடிக்கோடிடச் சொன்னால் கை நின்றுவிடும். எனக்கும் அப்படித்தான் நின்றது.

ஒன்பதாம் வகுப்பில் 'ஷி இஸ் சிங்கிங்' என்ற வாக்கியத்தைக் கொடுத்து ஃபைனைட் வினையைக் கோடிடச் சொன்னார்கள். நான் 'சிங்கிங்' என்பதைக் கோடிட்டேன். பாடுகிற வேலை அந்தச் சொல்லில்தானே இருக்கிறது? தப்பு, 'இஸ்'தான் விடை என்றார் ஆசிரியர். ஏன் என்று எழுந்து கேட்டேன். "ரூல் அப்படி, உட்கார்" என்றார். அதற்கு முந்தைய பீரியடில்தான் தமிழ் ஐயா முற்றும் எச்சமும் நடத்திவிட்டுப் போயிருந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பல வருஷம் கழித்து அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கே விளங்கியது. "பாடி" என்றேன். "பாடி... அப்புறம்?" என்றான். அதுதான் எச்சம், பேச்சு முடியாமல் நிற்கிறது. "பாடினாள்" என்றதும் அவன் எதுவும் கேட்கவில்லை. யார், எப்போது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. அது முற்று. ஆங்கிலத்தில் ஃபைனைட் என்பது ஏறக்குறைய இந்த முற்று, நான்-ஃபைனைட் என்பது எச்சம்.

அடுத்து 'பாடிக்கொண்டிருக்கிறாள்' என்பதை உடைத்துப் பார்த்தோம். பாடி, கொண்டு இரண்டும் எச்சம், 'இருக்கிறாள்' முற்று. பாடுகிற வேலை 'பாடி'யில் இருந்தாலும் காலத்தையும் ஆளையும் சுமப்பது 'இருக்கிறாள்'தான். 'இஸ் சிங்கிங்' என்பதும் இதேதான், வரிசை மட்டும் தலைகீழ். தமிழில் முற்று கடைசியில் வரும், ஆங்கிலத்தில் வினைத்தொடரின் முதல் சொல்லாக வரும். 'ஹேஸ் பீன் சிங்கிங்' என்று மூன்று சொல் இருந்தாலும் 'ஹேஸ்' மட்டுமே ஃபைனைட்.

இது பிடிபட்டால் 'டிட் யூ வென்ட்' ஏன் தப்பு என்பதும் தெரிந்துவிடும். இறந்தகாலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டது. மிச்சமிருக்கும் வினைக்குக் காலம் கிடையாது, அது வெறும் 'கோ'. 'டஸ் ஹி கோ' என்பதில் 'கோஸ்' வராததும் இதனால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே 'டிட் யூ வென்ட்'டை ஒரு மெயிலில் எழுதிவிட்டேன். மேலாளர் அதைச் சிவப்பெழுத்தில் திருத்தி, குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார். திருத்தியது சரி, ஆனால் எனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அந்த மெயிலில் நான் கேட்டிருந்த விஷயத்துக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவே இல்லை.

இலக்கணம் நன்கு தெரிந்தவர்கள் கோபப்பட வேண்டாம். எச்சமும் நான்-ஃபைனைட்டும் அச்சு அசல் ஒன்று என்று நான் சொல்லவில்லை. 'வந்த பையன்' என்பதில் 'வந்த' பெயரெச்சம், ஆனாலும் காலம் காட்டுகிறது. 'ஸ்விம்மிங் இஸ் குட்' என்பதில் வரும் ஜெரண்டுக்கு, அதாவது பெயர்ச்சொல்லாக நிற்கும் 'இங்' வடிவத்துக்கு, இணையாக நம்மிடம் இருப்பது எச்சம் அல்ல, 'நீந்துதல்' போன்ற தொழிற்பெயர். உள்ளே நுழைய ஒரு வழி என்ற அளவில்தான் இந்த ஒப்பீட்டைச் சொல்கிறேன்.

தேர்வில் சந்தேகம் வந்தால், வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றிப் பாருங்கள். ஏற்கெனவே நேற்றையது என்றால் இன்றைக்கு மாற்றுங்கள். 'ஹி வான்ட்ஸ் டு கோ' என்பது 'ஹி வான்டட் டு கோ' ஆகும். மாறிய 'வான்ட்ஸ்'தான் ஃபைனைட், 'டு கோ' அப்படியே இருக்கிறது. 'மஸ்ட்' போன்ற ஒன்றிரண்டு சொற்கள் மட்டும் இதற்கு மசியாது. அவையும் ஃபைனைட்தான், அவற்றின் பின்னால் வரும் வினை நான்-ஃபைனைட்.