பீன்ஸ் செடி இரண்டு இலையோடு நின்றுவிடுகிறது: தண்ணீர் குறைவா, உப்பா?

விதை நன்றாக முளைக்கிறது, இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகி அப்படியே நின்றுவிடுகிறது, தினமும் போர் தண்ணீர்தான் விடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. கடலூரில் எங்கள் வீட்டு போர் தண்ணீரும் கரிக்கும். ஒரு மார்கழியில் செடிகள் வாடுவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதையே இன்னும் ஊற்றினேன். நீர் ஆவியாகிப் போக, உப்பு செடி வளர்த்த பையிலேயே தங்கிவிட்டது. பன்னிரண்டு செடியும் போயின. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

தண்ணீர் குறைவு, உப்பு இரண்டும் தொடக்கத்தில் ஒரே மாதிரி தெரியும். மண்ணில் உப்பு கூடினால் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. செடிக்கு அதுவும் வறட்சிதான். இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், புது இலை சிறுக்கும்.

வித்தியாசம் அப்புறம்தான் தெரியும். வெறும் வறட்சி என்றால் உச்சி வெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிரும். மேல் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு வேரை நீளமாக விடப் பார்க்கும். ரொம்பவும் காயவிடாமல் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். உப்பு அப்படியில்லை, உள்ளே சேர்ந்துகொண்டே போகும். பீன்ஸ் சோடியத்தை முடிந்தவரை வேரிலும் அடித்தண்டிலும் பிடித்து வைக்கும். குளோரைடு இலைக்கு ஏறிவிடும். முதலில் விட்ட இலைகள் ஓரம் கருகுவது அதனால்தான். வேரும் சேர்ந்தே குன்றும், தழைச்சத்து சேர்க்கும் வேர்முடிச்சும் சரியாகப் பிடிக்காது.

பீன்ஸ் உப்பை அறவே தாங்காது. மண்ணில் எவ்வளவு உப்பு என்று காட்டும் அளவு மண் சாற்றின் மின்கடத்துதிறன். அது மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே மகசூல் சரியும், அதன்பின் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 19 சதவீதம். தட்டைப்பயறு ஏறக்குறைய 5 வரை விதை மகசூல் குறையாமல் தாங்கும்.

சரி, இப்போது ஒரு செடியைப் பிடுங்கி வேர் குன்றியிருக்கிறதா என்று பாருங்கள். பை விளிம்பில் உப்பு படிந்த வெள்ளைப் படலம் இருக்கிறதா? தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் கிடைத்தால் தண்ணீரைச் சோதியுங்கள். 450 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 450 மில்லிகிராம்) மேல் காட்டினால் பீன்ஸுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள், கழுவாததில் உப்பு நிறையவே இருக்கும். ஜிப்சம் போடச் சொல்வார்கள். அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து, உங்கள் பையில் இன்னொரு உப்பாகத்தான் சேரும். மழைத்தண்ணீரை அடியில் வழிந்தோடும் அளவுக்கு இரண்டு மூன்று முறை ஊற்றி அலசிவிட்டு, புதிதாக விதையுங்கள். முதல் மூன்று வாரம் மட்டுமாவது நல்ல தண்ணீர் கொடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் தட்டைப்பயறு போடுங்கள். எங்கள் மாடியில் இப்போது அதுதான் காய்க்கிறது.