தீக்காயத்துக்குப் பின் வரும் சுற்றறிக்கையில் கையெழுத்திடலாமா?

கேள்வி: மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு தனியார் கல்லூரியில் ஒன்பது வருடங்களாக இரசாயன ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 48,000 ரூபாய். சில மாதங்களுக்கு முன்னர் மின்னடுப்பில் ஸ்பிரிட்டைச் சூடாக்கும்போது தீப்பற்றியது. சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியின் முள் சிவப்பில் கிடந்தது. மாணவர்களுக்கு ஏதும் நடந்துவிடும் என்று பயந்து எரிகிற பாத்திரத்தை வெளியே தூக்கிக்கொண்டு ஓடினேன். வலது கை வெந்துவிட்டது. இரண்டு விரல்களை இப்போதும் மடக்க முடியவில்லை. வாட்டர் பாத் (திறந்த அடுப்பில்லாமல் சுடுநீரில் வைத்துச் சூடாக்கும் கருவி) பழுதாகி மாதக்கணக்காகிறது, விரிவுரையாளர்தான் அடுப்பைப் பாவிக்கச் சொன்னார். ஆனால் அதிபரோ, விதியை மீறினேன் என்று எல்லோர் முன்னிலையிலும் என்னை ஏசினார். இப்போது ஒரு தீப்பாதுகாப்புச் சுற்றறிக்கையில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேலையை விட்டு விலகினால் எல்லாம் சேர்த்து ஐந்து இலட்சம் தருவதாகவும் சொல்கிறார்கள். கல்லூரி மீதும் அதிபர் மீதும் வழக்குப் போட விரும்புகிறேன்.

பதில்: அதிபர் ஏசியதையும் ஒன்பது வருட விசுவாசத்தையும் ஒருபுறம் வையுங்கள். அவற்றால் உங்கள் நட்டஈடு ஒரு ரூபாய்கூட அதிகரிக்காது. தீயணைப்புக் கருவி வெறுமையாக இருந்ததுகூட, நீங்கள் போக வேண்டிய வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் பிரதான விடயம் அல்ல. உங்கள் விடயத்தில் சட்டம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: அடுப்பில் ஸ்பிரிட் சூடாக்கக் கூடாது என்ற கட்டளை தீ விபத்துக்கு முன்னரே உங்களுக்கு வெளிப்படையாகத் தரப்பட்டிருந்ததா, அதைத் தெரிந்துகொண்டே வேண்டுமென்று மீறினீர்களா?

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு, யாருடைய பிழை என்று பாராமலே தொழில் கொள்வோர் நட்டஈடு செலுத்த வேண்டும். உங்கள் கவனயீனம் அங்கே தடையல்ல. ஆனால் மரணம் நேராத காயங்களைப் பொறுத்தவரை, பாதுகாப்புக்காக வெளிப்படையாக வகுக்கப்பட்ட விதியை வேண்டுமென்றே மீறியதே விபத்துக்கு நேரடிக் காரணம் என்று நிறுவினால், தொழில் கொள்வோர் பொறுப்பிலிருந்து தப்பலாம். நிறுவ வேண்டியது அவர்கள். விபத்துக்கு முந்திய எழுத்துச் சான்று அவர்களிடம் இல்லையென்றே தோன்றுகிறது. இருந்திருந்தால் இப்போது உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வரமாட்டார்கள்.

நான் கண்ட கட்சிக்காரர்களில் பலர் விழுந்த குழி இதுதான். விபத்து நடந்து சில வாரங்களில் அலுவலகத்திலிருந்து ஒரு கோப்பு வரும். "தீப்பற்றும் திரவங்களைத் திறந்த அடுப்பில் சூடாக்கலாகாது" என்ற வகையில் நல்ல வாசகங்கள் இருக்கும். கீழே ஊழியர் பெயர்கள், பெயருக்கு நேரே கையெழுத்துக்கான கோடு, திகதிக்கான இடம் மட்டும் வெறுமை. சக ஊழியர்கள் எல்லோரும் போட்டிருப்பார்கள், நீங்களும் போடுவீர்கள். பின்னர் விசாரணையில் அந்தத் தாள் விபத்துக்கு முந்திய திகதியுடன் வெளிவரும். தீப்பயிற்சிக்கு வந்தோர் பட்டியல் என்று வரும் தாளுக்கும் இதே கதைதான். ஆகவே கையெழுத்திட்டே ஆக வேண்டுமென்றால், வாசித்து விளங்கிக்கொண்ட நாளை உங்கள் கையாலேயே எழுதி, "இந்த அறிவுறுத்தல் எனக்கு இன்றுதான் முதன்முதலாகத் தரப்பட்டது" என்று சேர்த்து, கோப்பைத் திருப்பிக் கொடுக்க முன்னர் தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவர்கள் இணங்காவிட்டால் கையெழுத்திட வேண்டாம்.

விளக்கக் கடிதமும் கேட்பார்கள். அவர்கள் தட்டச்சு செய்து தரும் மாதிரியில் "என் கவனயீனத்தால்" என்றிருந்தால் அது பெரிய சேதமல்ல; "ஏற்கெனவே தரப்பட்ட அறிவுறுத்தலை மீறி" என்ற ஒரு தொடர் போதும், உங்கள் கோரிக்கையைக் கவிழ்த்துவிடும். விரிவுரையாளர் அடுப்பைப் பாவிக்கச் சொன்னது வாட்ஸ்அப்பில் இருந்தால் அந்தக் கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். வாயால் சொன்னதென்றால், அருகில் நின்ற மாணவர் ஒருவரை இப்போதே கேட்டு வையுங்கள், ஏனெனில் பரீட்சை முடிந்தால் அவர்களைத் தேடிப்பிடிப்பது கடினம்.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். உங்களை வைத்தியசாலையில் சேர்த்தது கல்லூரி வாகனமாக இருந்தால், உடன் வந்தவர் "வீட்டில் சமைக்கும்போது எரிந்தது" என்று சொல்லியிருக்கக்கூடும். இது நமது பகுதியில் அரிதான செயலல்ல. நோய் நிர்ணய அட்டையை எடுத்து வாசியுங்கள். பிழையாக இருந்தால் அதற்குரிய விளக்கத்தைச் சத்தியக் கடதாசியாக இப்போதே முடித்து வைப்பது, விசாரணை நாளில் தடுமாறுவதை விட நல்லது.

வழக்குகளைப் பற்றி: மாவட்ட நீதிமன்றத்தில் தீங்கியல் (பிறரின் பிழையால் நேர்ந்த தீங்குக்கான) நட்டஈட்டு வழக்கைப் போட்டால் அதே காயத்துக்காக ஆணையாளரிடம் போக முடியாது, ஆணையாளரிடம் கோரினால் மாவட்ட நீதிமன்றக் கதவு மூடும். மாவட்ட நீதிமன்றத்தில் கல்லூரியின் கவனயீனத்தை நீங்கள் நிறுவ வேண்டும்; வெறுமையான தீயணைப்புக் கருவி அங்கேதான் பயன்படும். ஆனால் அங்கே உங்கள் கவனயீனத்தின் பங்கும் 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கழிக்கப்படும், ஆண்டுகளும் கரையும். மடங்காத இரண்டு விரல்களுக்கு நான் ஆணையாளரையே தெரிவுசெய்வேன். 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அங்கே நட்டஈட்டின் உச்ச எல்லை 20 இலட்சம் ரூபாயாகியிருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு என்பது உழைக்கும் ஆற்றலில் நேர்ந்த இழப்பின் வீதத்தைப் பொறுத்தது. அதிபர் மீதான வழக்கை மறந்துவிடுங்கள். உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

இனி அந்த ஐந்து இலட்சம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. உங்கள் கணக்கில் 24,000 ரூபாய் வீதம் ஒன்பது வருடத்துக்கு 216,000 ரூபாய். கை எரியாமல் விலகியிருந்தாலும் அது உங்களுடைய பணம். ஆக, கைக்காக அவர்கள் தர முன்வருவது 284,000 ரூபாய் மட்டுமே. அதற்காக வேலையையும் விடச் சொல்கிறார்கள். நீங்களாக விலகல் கடிதம் கொடுத்துவிட்டால் தொழில் நியாய சபையில் வேலைநீக்கம் என்று முறையிடவும் இடமிராது.

இருந்தாலும் இணக்கத்துக்குப் போகும்படியே சொல்கிறேன். ஆனால் அதிபரின் அறையில் வேண்டாம். நட்டஈட்டு உரிமையைக் கைவிடும் தனிப்பட்ட ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது என்பது உண்மைதான். அதை நம்பிக் கையெழுத்திட்டவர்கள், "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற பற்றுச்சீட்டோடு மல்லுக்கட்டுவதிலேயே கோரிக்கை வைப்பதற்குரிய இரண்டு வருடக் காலவரையறையையும் தொலைத்திருக்கிறார்கள். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற நிர்வாகத்தின் வார்த்தைக்கும் அதே விலைதான். முதலில் விபத்தைப் பற்றிய எழுத்துமூல அறிவித்தலைப் பதிவுத் தபாலில் கல்லூரிக்கு அனுப்புங்கள், விரல்களின் நிரந்தர இழப்பு வீதத்தை வைத்திய அறிக்கையாகப் பெறுங்கள், கோரிக்கையை ஆணையாளரிடம் சமர்ப்பித்துவிட்டுப் பேசுங்கள். தொகை ஒத்துவந்தால், பணிக்கொடையையும் ஊழியர் சேமலாப நிதியையும் அதில் சேர்க்காமல், கைக்கான நட்டஈட்டை மட்டும் எழுதிய உடன்படிக்கையை ஆணையாளரிடம் பதிவு செய்யுங்கள். விலகல் கடிதத்தை அந்தக் காசோலையோடு ஒரே நாளில் கேட்டால் கொடுக்க வேண்டாம்.