மொய்யை நம்பி ஒரு கல்யாணம்

கேள்வி: தை மாதம் அறந்தாங்கியில் எனக்குத் திருமணம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். 12 லட்சத்தில் முடிக்க நினைத்தோம், 15ஐத் தாண்டும்போல் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் விருப்பப்படி முதல் நாள் மாலை ரிசப்ஷன் உண்டு. பத்திரிகை, பூ அலங்காரம், தாம்பூலப் பை ஆகியவற்றில் எப்படி மிச்சம் பிடிப்பது? அப்பா அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். மொய் மூன்று லட்சமாவது விழும், சமையல்காரர் பாக்கியை அதில் கொடுத்துவிடலாம் என்கிறார். மற்றபடி பிரச்சினை இல்லை.

பதில்: பத்திரிகைக்கு ஐந்து ரூபாய் குறைத்தால் 800 பத்திரிகைக்கு 4,000 ரூபாய் மிச்சமாகும். அந்தக் கேள்விக்கு இது போதும். 'மற்றபடி பிரச்சினை இல்லை' என்று முடித்திருக்கிறாயே மகளே, அதற்கு முந்தைய இரண்டு வரியைத் திரும்பப் படி.

அப்பாவுக்குச் சம்பளம் நிற்கப்போகிறது. மொய் மூன்று லட்சம் விழப்போகிறது. அடுத்தடுத்து எழுதியும் உனக்கு உறைக்கவில்லையா? உன் அப்பா வரவில் எழுதும் மொய், கடன். அறந்தாங்கிப் பெண்ணுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு மொய் விருந்து வைக்கிறார்களே, அங்கே வாங்கியதற்குமேல் கொஞ்சம் சேர்த்துத்தான் திருப்பிச் செய்ய வேண்டும். கல்யாண மொய்யும் அப்படித்தான். ஆளுக்கு 500, 1,000 என்று வைத்தால்கூட மூன்று லட்சத்துக்கு நானூறு பெயர் நோட்டில் ஏறும். அதில் அப்பா முன்பு செய்தது திரும்பி வருவதும் இருக்கும், சரி. மீதி அத்தனையும் புதுக் கடன். ஓய்வு பெற்ற மனிதர் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் பஸ் ஏறிப் போய் அதை அடைக்க வேண்டும்.

என் அப்பா இறந்தபோது பீரோவில் மூன்று மொய் நோட்டுகள் இருந்தன. ஒன்று என் கல்யாணத்தினுடையது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது. யார் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தாலும் அம்மா அதை எடுத்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டிப் பெயரைத் தேடுவாள். 51 என்று இருந்தால் 101 செய்வாள். எல்லாம் பால் ஊற்றிச் சேர்த்த காசு. செய்துவிட்டு வந்து அந்தப் பெயரின்மேல் பென்சிலால் ஒரு கோடு. பதினோரு வருடம் இப்படி நடந்தது. நான் அப்போது சம்பாதித்துக்கொண்டிருந்தேன். அது என் கடன் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு கோபமாகப் பேசுகிறேன்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ரிசப்ஷன். அந்த ஒரு மாலைக்காக மண்டபத்துக்குக் கூடுதல் வாடகை, மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், இன்னொரு மேடை அலங்காரம், எல்லாவற்றுக்கும் மேல் இரவுச் சாப்பாடு. ஐஸ்கிரீம், சாட் என்று சேர்க்கச் சேர்க்க இலைக்கணக்கு எங்கேயோ போய்விடும். காலையில் முகூர்த்தம், டிபன், மதியச் சாப்பாடு என்று முடித்துக்கொள். ரிசப்ஷன் வேண்டும் என்றால் மாப்பிள்ளை வீட்டார் செலவில் நடக்கட்டும். இதை உன் அப்பாவைப் பேச வைக்காதே. பெண்ணைப் பெற்றவர் என்பதற்காக அவர் ஏன் குனிய வேண்டும்? அந்தப் பையனிடம் நீயே பேசு. இந்தச் சின்னப் பேச்சையே கேட்க மாட்டார் என்றால், அதைத் தைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஊர் என்ன சொல்லும் என்று அப்பா தயங்குவார். 1967இல் நம் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும் என்று அவரிடம் சொல். அதற்குமேல் செய்வதெல்லாம் நம் ஆசை. அதற்காக ஆள் குறைக்கிறேன் என்று கிராமத்து அத்தை, பெரியம்மா வீடுகளை வெட்டிவிடாதே. உன் ஆபீஸ்காரர்களுக்குச் சென்னையில் ஒரு நாள் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் போதும்.

சமையல்காரர் பாக்கியை உன் சம்பளத்தில் எடுத்து வை. இந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவோடு உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் பிரி. திரும்பி வர வேண்டியது எவ்வளவு, இன்னும் செய்ய வேண்டியது எவ்வளவு என்று தனித்தனியாக எழுது. கல்யாணம் முடிந்து சென்னைக்குக் கிளம்பும்போது புது மொய் நோட்டை அவர் பீரோவில் வைத்துவிட்டுப் போகாதே. உன் பெட்டியில் எடுத்து வை.