சிகாகோ பல்கலைக்கழகம்: சேலத்துக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அம்மாபேட்டை: பையன் மெக்கானிக்கல் முடிச்சிருக்கான். அங்கே எம்.எஸ். படிக்கலாமா?

அங்கே மெக்கானிக்கலும் இல்லை, சிவிலும் இல்லைங்க. பொறியியல் என்றால் மூலக்கூறு பொறியியல்தான். 2011-இல் தொடங்கி 2019-இல் தனிப்பள்ளி ஆனது. நீங்கள் கேள்விப்பட்டது சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகமாக இருக்கும். அது அரசுடையது, இது தனியார். பணம் கட்டும் முன் இணைய முகவரியைப் பாருங்கள்: 'யூசிகாகோ'வா (இது), 'யூஐசி'யா (அது)?

ஆத்தூர்: யார் ஆரம்பிச்சது?

1889-இல் எண்ணெய்த் தொழிலதிபர் ராக்ஃபெல்லர் 6 லட்சம் டாலர் தர முன்வந்தார். மற்றவர்கள் 4 லட்சம் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வகுப்புகள் 1892 அக்டோபர் 1-இல் தொடங்கின. முதல் தலைவர் ஹார்ப்பர் ஆராய்ச்சியைத் தொடக்கத்திலேயே மையத்தில் வைத்தார்.

ஏற்காடு: விவேகானந்தர் பேசினது அங்கேதானே?

இல்லை. 1893-இல் அவர் பேசிய கட்டடம் இன்று சிகாகோ கலைக்கூடம்.

செவ்வாய்ப்பேட்டை: வானியற்பியலாளர் சந்திரசேகர் 'சந்திரசேகர் எல்லை'யைக் கண்டது கேம்பிரிட்ஜ் காலத்துல. சிகாகோவுக்கு என்ன பெருமை?

பாதி சரி. எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்ற அந்த வரம்பின் முதல் கணக்கு 1930-இல் இங்கிலாந்து போகும் கப்பலிலேயே பிறந்தது. 1935-இல் பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் அதைப் பொதுமேடையில் எள்ளினார். ஆனால் 1937-இல் சிகாகோ வந்தவர் 1995-இல் இறக்கும்வரை அங்கேதான். விண்மீன் இயக்கவியல், கதிர்வீச்சுப் பரிமாற்றம், பாய்மங்களின் நிலைத்தன்மை, கருந்துளைக் கணிதம் என ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து முழு நூலாக்கிவிட்டே அடுத்ததைத் தொட்டார். 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழின் ஆசிரியரும் அவரே.

செவ்வாய்ப்பேட்டை: நோபல் அந்த எல்லைக்குத்தானே ஐயா?

அதற்கு மட்டுமல்ல. 1983 பரிசுக் குறிப்பு, விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆய்வுகள் என்று விரிவாகவே சொல்கிறது. ஒரு எண்ணுக்குள் அவரை அடைப்பது அறுபதாண்டு உழைப்பை மறைப்பது.

ஓமலூர்: தமிழுக்கு அங்கே இடமுண்டா?

உண்டு. குறுந்தொகையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் 1962 முதல் அங்கே பணியாற்றினார். தெற்காசிய மொழித்துறையில் தமிழ் கற்பிக்கிறார்கள்.

மேட்டூர்: செலவு தாங்குமா?

முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழகமே கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகிறது. முதுகலைக்குப் பெரும்பாலும் நம் பணம். இளங்கலை முடித்தே பல துறைகளில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையில் பல்கலைக்கழகத்தைப் புகழ்ந்து இடத்தை வீணாக்க வேண்டாம். எந்தச் சிக்கல், எந்த முறை, எங்கே தடுக்கியது, அங்குள்ள எந்தப் பேராசிரியரோடு பொருந்தும் என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் புராஜெக்டைக் கூடவே பார்த்த ஆசிரியரிடம் வாங்குங்கள். கல்லூரி முதல்வர் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒன்றும் இருக்காது.

ஜங்ஷன்: எலெக்ட்ரிகல் எம்.எஸ். அங்கே...

முதல் பதிலைப் படியுங்கள். முகவரியையும் சரிபாருங்கள்.