பழைய ரேமைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

கேள்வி: 2015-ல் வாங்கிய லேப்டாப்பில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ரேம் 4 ஜிபி. டேலியையும் குரோமையும் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. 8 ஜிபி ரேம் போட்டால் புதுசு மாதிரி ஓடும், பழைய ரேமை எடுத்துக்கொண்டு 500 ரூபாய் குறைக்கிறேன் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
- வாசகி, கரூர்

போடலாம். ஆனால் அந்த 500 ரூபாய் தள்ளுபடியில்தான் வில்லங்கம்.

கடைக்குப் போகுமுன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால், ரேம் செருகும் இடமான ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டில் ஒன்று காலி என்றால் இன்னொரு 4 ஜிபி வாங்கிச் செருகினாலே 8 ஆகிவிடும். உங்கள் ரேமைக் கழற்றுவானேன்? இப்படிக் கழற்றியதைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்தவர் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அக்கா மகன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே வேறு கம்பெனி ரேம். நிரூபிக்க வழியில்லை. கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள், பழையதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது பெரும்பாலும் டி.டி.ஆர்.3எல் வகையாக இருக்கும். கடைசியில் வரும் அந்த 'எல்' முக்கியம். அது 1.35 வோல்ட்டில் ஓடுவது. 'எல்' இல்லாதது 1.5 வோல்ட். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போய், உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸுக்கு 4 ஜிபிக்கு மேல் கண் தெரியாது. 8 போட்டாலும் 16 போட்டாலும் அதே 4-தான், அதிலும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளும். கையில் கிடைத்த திருட்டு சிடியைப் போட்டு 32 பிட்டை ஏற்றிவிட்டு, பிறகு "ரேம் வேலை செய்யலையே" என்று வருகிறவரிடம் இன்னொரு ரேம் விற்ற கதையெல்லாம் உண்டு. 64 பிட்டுக்கு மாற புதிதாகத்தான் விண்டோஸ் ஏற்ற வேண்டும். டேலி டேட்டாவை முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேம் போட்ட பிறகும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், இழுப்பது ஹார்ட் டிஸ்க். அதை எஸ்.எஸ்.டி-யாக, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்காக மாற்றுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கழற்றி மாட்ட முடிகிற லேப்டாப் கையில் இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள். இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டோடு பற்றவைத்தே விற்கிறார்கள். 2022-ல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது. பற்றவைத்த ரேமை அதனால் கழற்றித் தர முடியுமா? போதாததற்கு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவையும் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டார்கள். உங்கள் பழைய பிராசஸரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பைக்கு அனுப்ப எத்தனை ஏற்பாடு!

"பில் வேண்டாமென்றால் இன்னும் குறைக்கிறேன்" என்றும் கடைக்காரர் சொல்வார். பில் இல்லாத ரேமுக்கு வாரண்டி கிடையாது. கணக்கு எழுதுகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.